துக்க வீட்டில் சிரிப்பு, சும்மா இருந்தாலும் அழுகை.. மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கு ஏன் இப்படி நடக்கிறது?

துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் திடீரென சிரிக்கிறார். அடக்கப் பார்த்தாலும் நிற்கவில்லை. ‘என்ன மனுஷன் இவர்’ என சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால், அவர் மனசுக்குள் இருப்பது துக்கம்தான்.

மோட்டார் நியூரான் நோய் என்றதும் ஸ்டீபன் ஹாக்கிங்கும், 2014-ல் வைரலான ஐஸ் பக்கெட் சேலஞ்சும்தான் பலருக்கு ஞாபகம் வரும். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழிவதால் கை, கால், பேச்சு, மூச்சு எல்லாமே பாதிக்கப்படும். அதிகம் பேசப்படாத விஷயம், இந்த நோய் சிரிப்பையும் அழுகையையும்கூட விட்டுவைப்பதில்லை என்பதுதான்.

எதனால் இப்படி?

யோசித்துப் பார்த்தால் சிரிப்பதும் தசைகள் செய்யும் வேலைதான். முகம், தொண்டை, மூச்சுத் தசைகளை மூளைத்தண்டு இயக்குகிறது. ‘இப்போ சிரிக்காதே’ என்று மேலிருந்து பிரேக் போடுவது மூளையின் முன்பகுதி. இரண்டையும் இணைக்கும் நரம்புப் பாதை சேதமானால், பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி சிரிப்போ அழுகையோ கிளம்பிவிடும். இதன் பெயர் சூடோபல்பர் அஃபெக்ட். பேச்சும் விழுங்குவதும் பாதிக்கப்பட்டவர்களிடம் இது அதிகம்.

மனச்சோர்வா, இதுவா?

இந்த அழுகை சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கிவிடும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கும், தூக்கமும் பசியும் கெடும். ஒரே ஆளுக்கு இரண்டும் வரலாம். பேச முடியாதவரிடம், ‘நிஜமாவே கஷ்டமா இருக்கா, இல்ல தானா வந்துச்சா?’ என்று கேட்டு, கண் அசைவில் பதில் வாங்கலாம். ‘அழாதீங்க’ என்று சொல்வதைவிட பேச்சை மாற்றுவது நல்லது. வீட்டுக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சங்கடம் பாதி குறையும்.

இருமல் டானிக்கில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், குயினிடின் இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு 2010-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதற்காக டானிக் வாங்கிக் குடிப்பது ஆபத்து. குயினிடின் இதயத் துடிப்பை பாதிக்கக்கூடியது என்பதால் டாக்டர் கண்காணிப்பு கட்டாயம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் இதற்குப் பலன் தருகின்றன.

‘எங்க மேல அக்கறையே இல்ல’

குடும்பத்தை அதிகம் காயப்படுத்துவது அழுகை அல்ல, அக்கறையின்மை. பேரன் பேத்தி வந்தாலும் கண்டுகொள்ள மாட்டார், சட்டென எரிந்து விழுவார். இதுவும் மூளையின் முன்பகுதி பாதிப்பால் வரலாம். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் வருகிறது. 100-ல் 10 முதல் 15 பேருக்கு அது டிமென்ஷியா அளவுக்குப் போகிறது. இதற்கு கைகொடுக்கும் மருந்து பெரிதாக இல்லை. ஆனால், வேண்டுமென்றே செய்யவில்லை என்று தெரிந்தாலே வீட்டில் பாதி சண்டை வராது.

சிக்கல் என்னவென்றால், டாக்டர் முன்னால் உட்காரும் அந்த 10 நிமிடத்தில் இதெல்லாம் வெளியே தெரியாது. நோயாளியின் சம்மதத்துடன் செல்போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டலாம்.