பேட்டரிக்கும் ஒரு பதிவேடு

2018 செப்டம்பர் 18, அதிகாலை 1.18 மணி. சிங்கப்பூரின் பல வட்டாரங்கள் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கின. 146,797 வீடுகளும் வர்த்தகங்களும் மின்சாரத்தை இழந்தன. 38 நிமிடங்களில் நிலைமை சீரானது.

நம் ஊரில் மின்தடை அரிது. அதனாலேயே, அந்த அரிய நிமிடங்களுக்காகக் காத்திருக்கும் பேட்டரிகளை நாம் மறந்துவிடுகிறோம். மின்சாரம் போனால், வீவக புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கியை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறப்பது ஒரு பேட்டரிதான். படிக்கட்டின் அவசர விளக்கும் அதை நம்பியே இருக்கிறது. வானொலிப் படைப்பாளரான எனக்கு மிகப் பெரிய பயம், நேரலையில் திடீர் மௌனம். ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கும்வரை அந்தச் சில நொடிகளைத் தாங்குவதும் பேட்டரிதான்.

சிக்கல் என்னவென்றால், பழுதான பேட்டரியும் நல்லதுபோலவே தெரியும். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை மின்னேற்றி எந்நேரமும் சுமார் 13.6 வோல்ட்டில் வைத்திருக்கும். மீட்டரைப் பார்த்தால் எல்லாம் சரி. சுமை ஏறியதும் சில நிமிடங்களில் அது படுத்துவிடலாம். வரிசையாக இணைத்த பேட்டரிகளில் ஒன்று கெட்டால், மொத்த வரிசையும் கைவிடலாம்.

இங்குதான் பதிவேடு உதவுகிறது. பேட்டரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பொருத்திய தேதி, வோல்ட் அளவு, உள்மின்தடை, அறையின் வெப்பம், முனைகளில் அரிப்பு அல்லது உடலில் வீக்கம், சோதித்தவர் பெயர். இவ்வளவுதான். இன்றைய எண் தனியாக எதையும் சொல்லாது. புதிதாக இருந்தபோது எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால்தான் கதை தெரியும். உள்மின்தடை வெகுவாக ஏறியிருந்தால், சுமை வைத்துச் சோதிக்க வேண்டும். கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் மாற்றிவிடுவது பொறியாளர்களின் வழக்கம்.

அறை வெப்பத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் பாதியாகும். பத்தாண்டு உழைக்க வேண்டியது, குளிரூட்டாத சிறு அறையில் ஐந்தாண்டில் ஓய்ந்துவிடும்.

சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் இணைய ரௌட்டருக்கு யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். பொருத்திய தேதியை எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை, வேலைகளைச் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் தாங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்ற முறை 20, இப்போது 8 என்றால் புதியது வாங்கும் நேரம் வந்துவிட்டது. வீங்கிய பேட்டரியைத் திறக்க வேண்டாம். பழையதைக் குப்பையில் வீசவும் வேண்டாம். அதில் ஈயமும் அமிலமும் உள்ளன.

கொண்டோமினிய நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்களா? அடுத்த கூட்டத்தில், “பேட்டரி நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். “இருக்கிறது” என்றுதான் பதில் வரும். “கடைசியாகச் சுமை வைத்துச் சோதித்தது எப்போது? பதிவேட்டைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள்.