காய்தலும் ஆறுதலும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அண்டையில், செம்மண் பூமியில் முந்திரித் தோப்புகள் சூழக் கிடக்கும் முத்தாண்டிக்குப்பம் முதல் பண்ருட்டி வரையில் உள்ள ஊர்களில், கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்களின் விரல்களை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து, கருத்து, உரிந்துபோவது அத்தொழிலோடு வந்த துன்பம். அத்தகைய ரணத்தின்மீது வெறும் காஸ் துணியை வைத்துக் கட்டினால், அது உலர்ந்து ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதிதாய் முளைத்த இளந்தோலையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடுகிறது.

புண் காய்ந்துவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் காய்வது வேறு, ஆறுவது வேறு என்பதை, 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பன்றிகளின் தோலில் உண்டாக்கிய சிறு ரணங்களைக்கொண்டு நிரூபித்தார். காற்றில் உலரவிட்டவற்றைக் காட்டிலும், மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்தவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவில் படர்ந்தது. எனினும் ஊறிவரும் நீர் தேங்கினால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறிக் கெடும். ஆகவே, மிகுந்த நீரைக் குடித்து, வேண்டிய ஈரத்தை விட்டுவைக்கும் பதார்த்தம் எது என்பதே கேள்வியாயிற்று.

மன்னார் வளைகுடாவில் விளையும் பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் அதற்கொரு விடை. சிறு மூலக்கூறுகள் நெடிய சங்கிலிகளாகக் கோத்த இவ்வகைப் பொருள்களையே பாலிமர் என்கிறோம். கால்சியத்தால் பிணைந்த ஆல்ஜினேட் இழை ரணநீரில் நனைந்ததும், தன்னிடமுள்ள கால்சியத்தைக் கொடுத்து நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு, உப்பிக் களியாகிவிடுகிறது. தன் எடையைப்போல் 15 முதல் 20 மடங்கு நீரை உட்கொள்ளும் என்பர். பிறகு உப்புநீரால் கழுவினாலே போதும், நோகாமல் நீங்கிவிடும். நீர் ஊறாத வறண்ட புண்ணுக்கு இது ஆகாது.

இன்னொரு விடை நம் சரீரத்திலேயே இருக்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன், மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்புடையது என்பதை 1954-55-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டுரைத்தார்கள். அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கங்காரு வால் தசைநாணைக் கொடுத்துதவியது, அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடும் வித்தையை வளர்க்கவென்று ஏற்பட்ட அந்நிலையமே, பின்னாளில் தீப்புண்ணுக்கும் ஆறாப் புண்ணுக்கும் கொலாஜன் படலங்களை உருவாக்கிற்று என்பதை எண்ணும்போது எனக்கு உவகை மிகுகிறது.

முந்திரி மரத்தின் பட்டையில் வடிந்து உறையும் பிசினும் இத்தகைய இயற்கைப் பாலிமரே. தனித்து நின்றால் ஜலத்தில் கரைந்துபோகும் ஸ்வபாவம் உடையதாகையால், அம்மரத்தின் தாயகமாகிய பிரேசிலில் ஆராய்ச்சியாளர் அதை வேறு பாலிமர்களோடு இணைத்து, ரணத்துக்கேற்ற படலமாக்கிப் பார்த்து வருகிறார்கள். அது இங்கும் கைகூடுமானால், முத்தாண்டிக்குப்பத்துத் தோப்பின் பிசின் முதலில் கட்டவேண்டியது அந்தப் பெண்களின் விரல்களைத்தான்.