விரல் மரத்துப் போகிறதா? கையை உதறிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்!

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர் பலருக்குக் கைதான் முதல். தாராவியில் தோல் தைப்பவரும், இட்லி சுட்டு விற்பவரும், கோட்டைப் பகுதி ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டும் குமாஸ்தாவும் கையை நம்பித்தான் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

அந்தக் கை வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்ற பயம்! ஆனால் சில வலிகளைத் தள்ளிப்போட்டால், கையின் பலமே போய்விடும்.

சுண்டு விரலைக் கவனியுங்கள்

நடு இரவில் கை மரத்து, ஊசி குத்துவதுபோல் இருந்து தூக்கம் கலைகிறதா? கையை உதறினால் சற்று சரியாகிறதா?

எந்தெந்த விரல்கள் மரக்கின்றன என்று பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டு விரல் மட்டும் நன்றாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில் இருக்கும்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநார்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் செல்கின்றன. தசைநார்களின் உறை வீங்கினால் சந்தில் இடம் போதாமல் நரம்பு நசுங்குகிறது. சுண்டு விரலுக்குச் செல்லும் நரம்பு வேறு வழியில் போவதால் அது தப்பிவிடுகிறது. இதற்கு ‘கார்ப்பல் டனல்’ நோய் என்று பெயர்.

மணிக்கட்டை மடக்கி, அழுத்தம் கொடுத்து, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கும், அதிரும் எந்திரத்தைப் பிடிப்பவர்களுக்கும் இது வரலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ம் ஆண்டில் வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. பெண்களுக்கும், சர்க்கரை வியாதி, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இது அதிகம்.

ஆரம்பத்திலேயே காட்டினால், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை அணிவதே பலருக்குப் போதும். தேவைப்பட்டால் ஊசி போடுவார்கள். அல்லது சிறிய ஆபரேஷன் செய்வார்கள். மாதக்கணக்கில் விட்டுவிட்டால், கட்டை விரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றிவிடும். சட்டைப் பொத்தான் போடுவதுகூட சிரமமாகும். அதன்பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுவதும் திரும்பாமல் போகலாம்.

கழுத்தும் தோளும்

கழுத்தைத் திருப்பும்போது வலி கை வரை இறங்கினால், நரம்பு கழுத்தில் நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டு கைகளும் தடுமாறி, நடையும் தள்ளாடினால் ஒருநாள்கூட தாமதிக்கக்கூடாது.

மின்சார ரெயிலில் மேலே உள்ள கைப்பிடியை எட்ட முடியாமல் தோள் இறுகிப்போனால், சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். தோளை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடும். டாக்டர் சொல்லும் பயிற்சியைச் செய்யவேண்டும்.

இடது தோள் வலியுடன் நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால், அது இதயக் கோளாறாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கை ஊன்றி விழுந்தால்...

பிளாட்பார நெரிசலில் விழுபவர்கள் கையை ஊன்றுவது இயற்கை. அப்போது கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டுக் குழியில் உள்ள சிறிய எலும்பு முறியலாம். வீக்கம் அதிகம் இராது. முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால், கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் எக்ஸ்ரே எடுப்பார்கள். சுளுக்கு என்று உருவி விட்டுக்கொண்டால் எலும்பு சேராமல் போய்விடக்கூடும்.

புத்தூர் கட்டில் நம் மக்களுக்கு நம்பிக்கை அதிகம். எந்தக் கட்டானாலும் முதலில் எக்ஸ்ரே அவசியம். கட்டிய பிறகு விரல்கள் நீலம் பாய்ந்து, சில்லிட்டு, மரத்து, வலி தாங்க முடியாமல் போனால், அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் சதை செத்துவிடும்.

சம்பளம் என்னாகும்?

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு சிகிச்சை இலவசம். குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றின்பேரில் ஓய்வெடுக்கும் காலத்துக்கு சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் 90 சதவீதம். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையுடன் அதற்குத் தொடர்பு இருப்பது நிரூபணமானால், 2010-ம் ஆண்டு திருத்தத்தின்படி இதில் சேரும். ஆகவே விழுந்த இடம், நேரம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, முதலாளிக்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் தாராவிக்கு அருகே உள்ள சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி போன்ற பொது ஆஸ்பத்திரிகளில் எலும்புப் பிரிவுக்குச் செல்லலாம். டாக்டரிடம் “கை வலிக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த விரல், எந்த நேரம், என்ன வேலை என்று மூன்றையும் சொல்லுங்கள்.