புது வண்டியை மலை ஏற்றலாமா?

“ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், அப்புறம் மலை ஏத்திக்கலாம்.” போளூர், திருப்பத்தூர் பக்கத்துப் பழைய டிரைவர்களிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். அம்பாசடர் காலத்தில் அது சரியான பேச்சு. இன்றைக்கு ஷோரூமில் சாவி வாங்கி, எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிய கையோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கும் பீமன் அருவிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

முதலில் பெரியவர்கள் பக்கம். அந்த நாளைய இன்ஜின் தொழிற்சாலையில் முழுதாக முடிந்து வருவதில்லை. மீதி வேலை சாலையில்தான் நடந்தது. சிலிண்டர் சுவரில் விட்டிருக்கும் நுண்ணிய கீறல்களில் பிஸ்டன் ரிங்குகள் உரசி உரசித்தான் தம் இடத்தில் அமரும். அப்போது உதிரும் இரும்புத் துகள் ஆயிலில் கலக்கும். அதனால்தான் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொன்னார்கள். இந்தப் பருவத்தில் ஐந்து பேரை ஏற்றி மலையில் மிதித்தால் சூடு தாங்காமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின் கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று தாள் ஒட்டியிருந்ததும் இதற்குத்தான்: நான் மெதுவாகத்தான் போவேன், ஹாரன் அடிக்காதே.

பழகிய அம்பாசடருக்கே மலை சோதனைதான். 1489 சிசி இன்ஜின், கனத்த உடம்பு. ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து வண்டி நிற்கும், பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போர்த்திக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் கேன் இல்லாமல் எவரும் மலைக்குக் கிளம்பியதில்லை. இதே மலையில் காவலூரில்தான், பெங்களூரில் தேய்த்து மெருகேற்றிய கண்ணாடியோடு, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அந்தக் கண்ணாடியை மேலே கொண்டுவந்த டிரைவரிடம்தான் நிதானம் என்றால் என்னவென்று கேட்டிருக்க வேண்டும்!

2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதற்கு வெகு முன்பே, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததிலிருந்தே, கதை மாறத் தொடங்கிவிட்டது. இன்று சிலிண்டரைக் கணினி இயந்திரங்கள் கடைகின்றன. கீறல்களின் கூர்முனையைக்கூடத் தொழிற்சாலையிலேயே மழுக்கி அனுப்புகிறார்கள். ஆயிலும் மேம்பட்டுவிட்டது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் சர்வீஸ் பல வண்டிகளில் வெறும் பரிசோதனைதான்.

அப்படியானால் பழக்கவே வேண்டாமா? வேண்டும். வண்டியோடு தரும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள் (யாரும் பிரிப்பதில்லை என்பது வேறு விஷயம்). முதல் ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்காதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, டாப் கியரில் இழுக்க வைக்காதே என்று பெரும்பாலும் இருக்கும். இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். நான்குவழிச் சாலையில் நூறிலேயே இரண்டு மணி நேரம் போவதைத்தான் கையேடு தடுக்கிறது. வளைவுக்கு வளைவு கியரும் வேகமும் மாறும் ஆலங்காயம், காவலூர் சாலை, பாரம் குறைவாக இருந்தால், புது இன்ஜினுக்கு நல்லதே செய்கிறது. ஏறுவதைப் பொறுத்தவரை இளையவர்கள் பக்கம்தான் நான்.

இறங்குவதில் அப்படி இல்லை. புது பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்த முந்நூறு கிலோமீட்டராவது ஆகும். அதுவரை பிரேக்கின் முழுப் பிடிப்பை நம்ப முடியாது. புது டயரின் வழவழப்பும் போயிருக்காது. இந்த நிலையில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியிலேயே தீய்ந்த வாடை வரும். ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்ற பழைய பாடம் மட்டும் கொஞ்சமும் பழசாகவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கீழ் கியரில் நிறுத்த வழி உண்டு; அதைத் தேடிப் பழகிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பழைய டிரைவர்களின் ஒரு வழக்கத்தை மட்டும் கைவிட்டே ஆக வேண்டும்: பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவது. இன்றைய இன்ஜின், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடிக்கும். இன்ஜினையே அணைத்து இறங்கினால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

மின்சாரக் காரில் பழக்க இன்ஜினே இல்லை. இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்து, பேட்டரியையும் கொஞ்சம் நிரப்பும். ஆனால் மலை மேல் முழு சார்ஜ் போட்டு உடனே இறங்கினால் பேட்டரியில் இடமிருக்காது. அந்தப் பிடிப்பு குறைந்து, எல்லாப் பாரமும் பழகாத பிரேக் பேடின் மேல் விழும். மேலே சார்ஜ் போடுகிறவர்கள் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள்.

இறங்கும்போது எதிரே பஸ்ஸோ புளி மூட்டை ஏற்றிய வண்டியோ ஏறி வந்தால் ஓரம் கட்டி நில்லுங்கள். குறுகிய மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதியே சொன்னது.