எந்தப் படத்தைத் திரையிடுவது?

சுற்றுச்சூழல் நாள், புவி நாள், தண்ணீர் நாள் என்று நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் விழாக்கள் நடைபெறுகின்றன. நீண்ட சொற்பொழிவுகளைக் கேட்க இன்றைய இளைஞருக்குப் பொறுமை இல்லை என்று கூறிக்கொண்டு, ஆவணப்படம் ஒன்றைத் திரையிட்டு நிறைவு காண்கிறோம். படம் காட்டுவது நன்றே. ஆனால் எந்தப் படம்? யாருக்காக? படம் முடிந்தபின் என்ன? இவ்வினாக்களை முன்னரே எழுப்பாமல் அரங்கின் விளக்கை அணைப்பதால் விளையும் பயன் சிறிதே. திருச்சியிலும் திருவரங்கத்திலும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியரும், மாணவர் மன்றப் பொறுப்பாளரும் இதுகுறித்துச் சற்றே சிந்திப்பது நலம்.

திரைப்படத்தைச் சமூகக் கல்விக்குப் பயன்படுத்துவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1948-இல் தொடங்கப்பெற்ற பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களைத் திரையரங்குகளில் முழுப்படத்திற்கு முன் கண்டது மூத்தோர்க்கு நினைவிருக்கும். 1991 நவம்பரில், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், திரையரங்குகள் சுற்றுச்சூழல் பற்றிய செய்திகளைக் கட்டணமின்றிக் காட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கல்வி நிலையங்களில் அது பாடமாகவேண்டும் என்றும் வற்புறுத்தியது. அதன் தொடர்ச்சியாகவே, இளங்கலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதச் சுற்றுச்சூழல் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. ஆகவே நம் மாணவர் இப்பொருளை அறியாதவர் அல்லர். தேர்வுக்குப் படித்து, தேர்வோடு மறந்தவர். மறந்ததை உள்ளத்தில் மீண்டும் எழுப்பும் படமே அவர்களுக்கு வேண்டுவது. அத்தகைய படத்தைத் தேர்ந்திட நான்கு அளவுகோல்களைக் கூற விழைகிறேன்.

முதலாவது, உண்மை. அமெரிக்காவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர் தோன்றும் ‘அன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ 2006-இல் வெளிவந்து, புவி வெப்பமாதலை உலகறியச் செய்து, ஆஸ்கார் விருதும் பெற்றது. அப்படத்தை இங்கிலாந்துப் பள்ளிகளில் காட்டுவதை எதிர்த்து வழக்கொன்று எழுந்தது. படத்தின் அடிப்படைக் கருத்து அறிவியலுக்கு ஒத்ததே என்றும், எனினும் ஒன்பது இடங்களில் அது பொதுவான அறிவியல் முடிவுகளினின்று விலகிச் செல்கிறது என்றும் 2007-இல் இலண்டன் உயர் நீதிமன்றம் கண்டது. ஆயினும் தடை விதிக்கவில்லை. தக்க விளக்கக் குறிப்புகளோடு காட்டலாம் என்றது. படம் தேர்வோர்க்கு இத்தீர்ப்பு நல்ல வழிகாட்டி. குறையே இல்லாத படத்தைத் தேடி அலையவேண்டுவதில்லை. குறையை அறிந்து மாணவர்முன் எடுத்துரைக்கும் நேர்மை இருந்தால் போதும்.

இரண்டாவது, கண்ணீரோடு முடிந்துவிடாமை. முதுமலைத் தெப்பக்காடு முகாமில், தாயை இழந்த யானைக்குட்டிகளைத் தம் பிள்ளைகளெனப் பேணிய பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றியது ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய இப்படம் 2022-இல் வெளிவந்து, 2023-இல் ஆஸ்கார் விருது பெற்றது. ஏறத்தாழ 40 நிமிடமே ஓடுவது. நம் மொழி பேசுவது. கல்லூரி அரங்கிற்கு மிகவும் ஏற்றது. ஆனால் பார்த்தவர் கண்களைத் துடைத்துக்கொண்டு கலைந்துவிட்டால் போதுமா? குட்டிகள் தாயை இழப்பது ஏன்? யானைகளின் வழித்தடங்களை அடைப்பவர் யார்? தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழும் காட்டுநாயக்கர் மக்களுக்கு அக்காட்டின்மேல் உள்ள உரிமை என்ன? இவற்றை எழுப்ப ஒருவர் முன்வந்தால்தான் படம் கல்வியாகும்.

மூன்றாவது, நம்பிக்கை. அழிவை மட்டுமே காட்டும் படம் இளைஞரை அச்சுறுத்தும்; அச்சம் நீடித்தால், ‘இனி நம்மால் ஆவது என்ன?’ என்னும் சோர்வில் முடியும். எளியோர் செயலாற்றியதைக் காட்டும் படங்கள் உள்ளன. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையில், கொக்கோ கோலா ஆலையால் தங்கள் கிணற்றுநீர் வற்றியும் கெட்டும் போயிற்று என்று பழங்குடி மக்கள் 2002-இல் போராட்டம் தொடங்கினர். நிறுவனம் அதனை மறுத்தது. எனினும் 2004-இல் ஆலையின் இயக்கம் நின்றது. பி. பாபுராஜ், சி. சரத்சந்திரன் ஆகிய இருவரும் எடுத்த ‘ஆயிரம் நாட்களும் ஒரு கனவும்’ என்னும் பொருள்படும் ஆவணப்படம் இதனைக் கூறுகிறது. ‘உமக்கே புகழ்’ என்னும் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலை ஒட்டி எழுந்த ‘தி லெட்டர்’ 2022 அக்டோபர் 4 அன்று யூடியூபில் கட்டணமின்றி வெளியிடப்பெற்றது. அமேசான் காட்டின் தலைவர், செனகல் நாட்டு இளைஞர், நம் நாட்டுச் சிறுமி ரிதிமா பாண்டே, ஹவாய்த் தீவின் அறிவியலார் ஆகியோர் மறைந்த திருத்தந்தை பிரான்சிசோடு உரையாடுவதை அதில் காணலாம். பல சமயத்தார் அமரும் அரங்கிலும் தயக்கமின்றிக் காட்டத்தக்கது இது.

நான்காவது அளவுகோலே எல்லாவற்றினும் முதன்மையானது. படம் நம்மை நம் ஊருக்கு அழைத்து வரவேண்டும். திருவரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு. முக்கொம்பில் ஆறு பிரியுமிடத்தில் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை எழுப்பிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22 இரவில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில், 1928-இல் கட்டப்பெற்ற பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியும் இடிந்து வீழ்ந்தது. வரைமுறையின்றி மணல் அள்ளியதே காரணம் என்றனர் பலர். கட்டுமானத்தின் பழமையே காரணம் என்றது அரசுத் தரப்பு. எது உண்மை என்று ஆராயப் பல்கலைக்கழக மாணவரைவிடத் தகுதியுடையார் யார்? அமேசான் காட்டுக்காக உருகும் உள்ளம், நகரின் கழிவுநீரைச் சுமந்து செல்லும் உய்யக்கொண்டான் வாய்க்காலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்துவிடுமாயின், நாம் தேர்ந்த படம் தன் பணியைச் செய்யவில்லை என்றே பொருள்.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில உண்டு. தேர்வுக் குழுவினர் படத்தை முழுவதும் முன்னரே காண்க. அக்குழுவில் அறிவியல் பயில்வோரோடு வணிகவியலும் தமிழும் பயில்வோரும் இடம்பெறுக. உரிமையாளரிடம் இசைவு பெற்றே திரையிடுக. இயற்கையைக் காக்கும் படத்தைத் திருட்டுப் படியில் காட்டுவது முறையன்று. மாணவர் அனைவருக்கும் புரியாத மொழியாயின், நிறுத்தி விளக்க ஒருவரை அமர்த்துக. படம் ஓடும் நேரத்திற்கு ஈடான நேரத்தை உரையாடலுக்கு ஒதுக்குக. உரையாடலில் பேராசிரியரோடு ஆற்றுப்பாசன உழவர், பொதுப்பணித்துறைப் பொறியாளர், மணல் அள்ளிப் பிழைக்கும் தொழிலாளி ஆகியோரும் பேசட்டும். அத்தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக அழைத்தல் ஆகாது. நம் வீடுகளும் கல்லூரிக் கட்டடங்களும் ஆலயங்களும் ஆற்றுமணலால் எழுந்தவையே. அவர் அள்ளிய மணல் நம் சுவர்களில் இருக்கிறது என்பதை மாணவர் உணர்ந்தால், பிறரைக் குறைகூறும் எளிய வழி அடைபடும். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் கடினமான வழி திறக்கும்.

ஊடகங்களை நுகர்வோர்க்கும் தேர்ந்து காணும் கடமை உண்டு என்று 1963-இல் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்பு ஆணையில் நினைவூட்டியது. அக்கடமை வீட்டிலும் உண்டு. கல்லூரியில் படம் பார்த்துத் திரும்பும் மகனிடமோ மகளிடமோ, ‘படம் எப்படி?’ என்பதோடு பெற்றோர் நிறுத்திவிட வேண்டாம். ‘நம் ஊரில் இது எங்கே நடக்கிறது?’ என்று கேளுங்கள். விடை தெரியாதாயின், வரும் ஞாயிறு மாலையில் குடும்பமாகக் கொள்ளிடக் கரைக்குச் சென்று பாருங்கள். நீர் ஓடுகிறதா, மணல் எஞ்சியுள்ளதா, கரையோரக் கிணறுகள் எவ்வளவு ஆழத்தில் நீர் தருகின்றன என்று அங்கு வாழ்வோரிடமே கேட்டறியுங்கள்.