அசலா? நகலா?
காற்றில் சுடும் ரிவால்வர்களின் கதை

தபால்தலை சேர்ப்பவர்களை நாம் அறிவோம். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், கைக்கடிகாரம் என்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உண்டு. ஆனால், துப்பாக்கி சேர்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதுவும் நிஜத் துப்பாக்கி அல்ல. நிஜத்தைப் போலவே செய்த காற்றுத் துப்பாக்கி!

அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. அதிலும் ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியின் நகல்களுக்குத் தனி மவுசு. ஒன்றை வாங்கி, இன்னொன்றோடு ஒப்பிட்டு, எது அசலுக்கு அருகில் நிற்கிறது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள்.

நமக்கு எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் விரலை வைத்தால் எந்த நாட்டுப் பொருளும் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் காலம் இது. நம் பிள்ளைகளின் கண்ணிலும் இந்த நகல்கள் படுகின்றன. ஆகவே, இவை எப்படிப்பட்டவை, இவற்றைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரிவால்வர் பிறந்த கதை

சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் 1836-ஆம் ஆண்டு தம் நாட்டில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். தோட்டாக்களை ஓர் உருளையில் அடுக்கி, ஒவ்வொரு முறையும் உருளை சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவரும்படி அமைத்தார். அவர் பெயரில் இயங்கிய நிறுவனம் 1873-இல் வெளியிட்ட ரிவால்வரைத்தான் கௌபாய் படங்களில் கதாநாயகர்கள் இடுப்பில் தொங்கவிட்டு வருவார்கள். அதே நிறுவனத்தின் 'பைதான்' ரிவால்வர் 1955-இல் வந்தது.

பிரிட்டிஷாருக்கு வாய்த்தது 'வெப்லி'. அதன் ஆறாவது ரகம் 1915-இல் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்க்கப்பட்டது. நடுவில் மடித்தால் வாய் பிளந்து, சுட்டு முடிந்த ஆறு தோட்டாக் கூடுகளையும் ஒரே நேரத்தில் மேலே தள்ளிவிடும். பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் அதிகாரிகளின் இடுப்பில் இடம்பிடித்த ஆயுதம் இது.

சோடா வாயுவில் சுடும் வித்தை

நிஜ ரிவால்வரில் தோட்டாவுக்குள் வெடிமருந்து இருக்கும். நகலில் வெடிமருந்தே கிடையாது. சோடாவில் பொங்குகிறதே, அதே கரியமில வாயுதான் இங்கே வேலை செய்கிறது! கைப்பிடிக்குள் 12 கிராம் வாயு அடைத்த சின்ன எஃகுக் குப்பி ஒன்று உட்கார்ந்திருக்கும். விசையை இழுத்தால், 'குதிரை' என்று சொல்லும் பகுதி பின்னிருந்து அடிக்கும். அந்த அடியில் வால்வு திறந்து, வாயு சீறிப் பாய்ந்து, 4.5 மில்லிமீட்டர் குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் குப்பி குளிர்ந்து, வாயுவின் அழுத்தம் குறைந்து, குண்டின் வேகமும் தளர்ந்துவிடும்.

வெப்லியின் அசல் குண்டு ஏறக்குறைய 17 கிராம் எடை. நகலில் போடும் எஃகுக் குண்டோ கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வேகத்தைப் பாருங்கள். நகலின் குண்டும் வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல் பாயக்கூடியது. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். சுவரில் பட்டுத் திரும்பி வந்து சுட்டவரையே தாக்குவதும் உண்டு. அதனால்தான் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இவற்றைத் தொடவே கூடாது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

எது நல்ல நகல்?

சேகரிப்போர் எப்படி ஒப்பிடுகிறார்கள்? முதலில் எடை. உலோகத்தால் செய்ததா, பிளாஸ்டிக்கா என்பது கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். அடுத்து, தோட்டா போடும் முறை. அமெரிக்காவின் கிராஸ்மன் நிறுவனம் 1960-களில் விற்ற ரிவால்வர்களில் சிறிய ஈயக்குண்டுகளை நேரே உருளைக்குள் வைக்க வேண்டும். பார்வைக்கு ரிவால்வர், ஆனால் தோட்டா என்று தனியாக ஒன்றும் இல்லை. பின்னர் ஜெர்மனியின் உமாரெக்ஸ் நிறுவனம் 'ஸ்மித் அண்ட் வெசன்' ரிவால்வரின் நகலைச் செய்தது. அதில் பத்துக் குண்டுகள் கொள்ளும் சிறிய வட்டுதான் சுழலும். குறி தவறாமல் சுடும் என்று பெயர் வாங்கியது. ஆனாலும், "அசலில் ஏது வட்டு?" என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அந்தக் குறையும் பின்னாளில் தீர்ந்தது. இன்றைய நகல்களில் தோட்டாவைப் போன்ற உலோகக் கூடுகள் வருகின்றன. ஒவ்வொரு கூட்டிலும் ஒரு குண்டைப் பொருத்தி, கூடுகளை உருளையில் ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். டேன் வெசன், கோல்ட், வெப்லி ஆகிய மூன்றின் நகல்களும் இந்த வகையில் கிடைக்கின்றன. வெப்லியின் நகலை மடித்தால் அசலைப் போலவே வாய் பிளந்து கூடுகளை வெளியே தள்ளுகிறது.

குழலையும் பார்ப்பார்கள். எஃகுக் குண்டுக்கு உட்புறம் வழவழப்பான குழல். ஈயக்குண்டுக்குத் திருகு வரி வெட்டிய குழல். வரி வெட்டிய குழலில் குண்டு சுழன்றபடி செல்வதால் குறி துல்லியமாக இருக்கும்.

ஆக, அசலை நெருங்க நெருங்க நகலின் மதிப்பு கூடுகிறது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சேகரிப்பவருக்கு அது அழகு. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கோ அது துப்பாக்கி!

விளையாட்டு வினையானது

அமெரிக்காவில் கிளீவ்லண்ட் என்ற நகரம். 2014-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி, தாமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் அங்கே ஒரு பூங்காவில் நின்றிருந்தான். அவனிடம் இருந்தது பிளாஸ்டிக் குண்டு சுடும் நகல் கைத்துப்பாக்கி. விளையாட்டுப் பொருள் என்று காட்ட வேண்டிய ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. தகவல் கேட்டு வந்த போலீஸார், வந்து இறங்கிய சில வினாடிகளிலேயே அவனைச் சுட்டுவிட்டனர். மறுநாள் அவன் இறந்துபோனான். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

நம் நாட்டுச் சட்டம்

துப்பாக்கி விஷயத்தில் நம் நாடு மிகவும் கண்டிப்பானது. அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. தோட்டத் துரைமார் ஆயுதத்தோடு நடமாடிய காலம் அது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, ஒரு ரிவால்வரும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இன்றும் மலேசியாவில் நடைமுறையில் உள்ளது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். காற்றுக் கைத்துப்பாக்கியும் இந்தச் சட்டத்தின்படி ஆயுதமே. உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. சுடவே சுடாத சாயல் துப்பாக்கியாக இருந்தாலும், அனுமதியின்றி வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கொள்ளை போன்ற குற்றத்தில் சாயல் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீண்ட சிறைவாசத்தோடு பிரம்படியும் உண்டு. "அது பொம்மைதானே ஐயா" என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்ப முடியாது! சிங்கப்பூரிலும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும்.

தீபாவளிக்குப் பொட்டுவெடி வைத்துச் சுடும் பொம்மைக்குப் பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியாது. பெரியவர்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து பொட்டலம் வருகிறது என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆசை உள்ளவர்களுக்கு

பிள்ளைக்கு இந்தத் துறையில் உண்மையான ஆர்வம் இருந்தால் அதை அடக்கிப் போடத் தேவையில்லை. நல்ல வழியில் திருப்பிவிடலாம். கோலாலம்பூரில் உள்ள போலீஸ் அரும்பொருளகத்திலும் போர்ட்டிக்சனில் உள்ள இராணுவ அரும்பொருளகத்திலும் அசல் ஆயுதங்களையே பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய் வாருங்கள். அவசர காலத்தைக் கண்ட முதியவர் வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். அவர் சொல்லும் கதை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

சுடுவதில் ஆசை என்றால், முறையான சங்கத்தில் பயிற்சியாளரின் கண்காணிப்பில் பழகலாம். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிகள் ஒலிம்பிக்கிலேயே நடக்கின்றன. நம் நாட்டின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் காற்று ரைபிள் பிரிவில் கலந்துகொண்டார்!

அசலைப் போன்ற நகலைப் படத்திலும் கண்ணாடிப் பெட்டியிலும் கண்டு ரசிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தால் மட்டும், பணத்தை எடுக்கும் முன்பே பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அலைச்சல் போனால் போகட்டும்; பிள்ளையின் எதிர்காலம் அல்லவா பெரிது!