தட்டினால் ஓடுகிறதா? வாரண்டி முடியுமுன் புகார் எழுதுங்கள்

ஒரு தட்டு தட்டினால் டிவியில் படம் வருகிறது. லேப்டாப் சூடானதும் அணைந்து, ஆறியதும் ஓடுகிறது. இப்படி வந்துவந்து போகும் கோளாறென்றால் மெக்கானிக்குகள் முதலில் சந்தேகப்படுவது 'டிரை சால்டர்': பாகத்துக்கும் போர்டுக்கும் நடுவே சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தபின் விரிசல் விட்டிருக்கிறது.

கால் வெளியே தெரியும் பாகமென்றால் பூதக்கண்ணாடி போதும். மதர்போர்டின் பெரிய சிப்புகளுக்கு அடியில்தான் நூற்றுக்கணக்கான சால்டர் குண்டுகள் இருக்கும். கேமராவுக்கு அவை எட்டாது, எக்ஸ்ரே வேண்டும். நேர் மேலிருந்து எடுத்த எக்ஸ்ரேயிலும், உருகிச் சேராமல் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் குண்டு நல்லதைப் போலவே தோன்றலாம். சாய்கோணத்தில் எடுத்தால் பிடிபட வாய்ப்பு அதிகம். கடைசி வழி, சிப்புக்கடியில் சாயம் செலுத்திப் பெயர்த்துப் பார்ப்பது; விரிசலில் சாயம் ஏறியிருக்கும், போர்டு போய்விடும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகள் சிவப்பு விளக்கு காட்டிச் செயலிழந்ததால், 2007இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கான வாரண்டியை 3 ஆண்டுகளாக்கி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சூடேறி ஆறி, சிப்புக்குள்ளிருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டதே காரணம் என்று 2021இல் அந்நிறுவனத்தின் ஆவணப்படத்திலேயே சொன்னார்கள்.

இன்வெர்ட்டர், சார்ஜரில் இது வெறும் தொல்லையல்ல. அதிக மின்னோட்டம் பாயும் இணைப்பு தளர்ந்தால் சூடேறிக் கருகும். வாடை வந்தால் தட்டிப் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

சர்வீஸ் சென்டரில் "இங்கே நல்லாத்தான் ஓடுது" என்பார்கள். கோளாறு வரும்போதே வீடியோ எடுத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட்டில் 'விட்டுவிட்டு வரும் கோளாறு' என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கருவியை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் டேட்டாவை பேக்கப் எடுத்துவிடுங்கள். வெளிக்கடையில் ஹாட் ஏர் காட்டினால் சில நாள் ஓடும், அவ்வளவுதான்; வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்குக் காரணமும் கிடைத்துவிடும்.

அப்படியும் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. பார்வைக்குத் தெரியாத குறை என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. சோதனைச் செலவை உங்களையே முன்கூட்டிக் கட்டச் சொல்லலாம். அதுவரை போர்டை யாரும் திறக்கவோ சூடுகாட்டவோ விடாதீர்கள். உங்கள் சாட்சியே அதுதான்.